லயத்துப் பேச்சும் மேடைத் தமிழும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில் இருக்கும் கொட்டகலை, மலையகத் தமிழின் வரலாற்றைப் பேச ஏற்ற இடம். டிரேட்டன், மேபீல்ட், ரொசிட்டா என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பத்தனையில் ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. மலையக இலக்கியத்தின் தடங்களை வாழ்நாளெல்லாம் தேடி எழுதிய சாரல்நாடன் தம் சாரல் வெளியீட்டகத்தை நடத்தியதும் இங்கேதான். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பேசும் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் நாள்தோறும் முகம் பார்த்துக்கொள்ளும் ஊர் இது. இரண்டும் சமமாக நின்று பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் வரலாறு. தோட்டத்துப் பேச்சு கொச்சை, கலப்படம், திருத்த வேண்டியது என்று நூறாண்டுக்கு மேலாகத் தீர்ப்பு எழுதப்பட்டு வந்தது. அந்தத் தீர்ப்பை மொழியின் இயல்பு எழுதவில்லை என்பது என் வாதம். அந்தத் தமிழைப் பேசியவர்களிடம் காணி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஒரு கட்டத்தில் வாக்குச்சீட்டும் இல்லை. அந்த இல்லாமைகளே அவர்கள் வாய்ப்பேச்சின் மதிப்பையும் தீர்மானித்தன.

இலங்கையில் எந்தத் தமிழ் உயர்ந்தது என்று கேட்டால் யாழ்ப்பாணத் தமிழ் என்ற விடை தயங்காமல் வரும். அதன் பழமையைக் காரணமாகச் சொல்வார்கள். 'உவன்', 'உது' என்று இடைச்சுட்டு இன்னும் பேச்சில் உயிரோடிருப்பது அரிய செய்திதான். ஆனால் பழமை மட்டும் ஒரு பேச்சுக்கு அந்தஸ்தைத் தந்துவிடாது. அந்தஸ்து எங்கிருந்து வந்தது என்பதை 1823ஆம் ஆண்டு காட்டுகிறது. அந்த ஆண்டில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தன் செமினரியைத் தொடங்கியது. அதே ஆண்டையே மலையக மக்கள் தங்கள் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்தை நினைவில் வைத்துத்தான் 2023இல் 200 ஆண்டு நினைவு நடந்தது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமும் நடந்தது. ஒரே ஆண்டில் வடக்குக்குக் கல்விச்சாலை கிடைத்தது, மலைக்கு மண்வெட்டி கிடைத்தது. வடக்கில் அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அச்சகங்கள் வந்தன, அகராதி வந்தது, ஆறுமுக நாவலரின் உரைநடை வந்தது. வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். மலையில் அதே காலத்தில் காடழித்துக் கோப்பி நட்டார்கள், இலைநோய் கண்டு கோப்பி அழிந்ததும் தேயிலை நட்டார்கள். நாவலரும் தாமோதரம்பிள்ளையும் தமிழுக்குச் செய்தது எல்லாத் தமிழருக்கும் உரியது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. பள்ளியும் அச்சும் இருந்த இடத்துப் பேச்சு உயர்ந்ததாகவும், இல்லாத இடத்துப் பேச்சு தாழ்ந்ததாகவும் ஆனதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலையில் உருவான தமிழ் எப்படிப்பட்டது? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் என்று பல சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவர்கள் பத்தடி அறைகளில் சுவரோடு சுவராக வாழ்ந்தபோது, ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகள் மெல்லத் தேய்ந்து ஒரு பொதுப் பேச்சு உருவானது. அப்பாயி, அம்மாயி என்ற முறைப்பெயர்கள் காவிரிக்கரைச் சீமையை இன்னும் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் அந்தப் பேச்சு இந்தியாவிலிருந்து மூட்டை கட்டி வந்து அப்படியே பிரிக்கப்பட்டதன்று. வேலை பிரிக்க ஆள்கள் கூடும் விடிகாலைப் பிரட்டில் நடப்பதைக் கேட்டால் அது விளங்கும். தொங்கல் லயத்து ஆள்களும் பணிய லயத்து ஆள்களும் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்து வேலை பிரிப்பார்: ஆறாம் நம்பர் மலைக்குக் கொழுந்து, மூணாம் நம்பருக்குக் கவ்வாத்து (செடி கத்தரிப்பு), மிச்ச ஆளுக்குக் கான் (வடிகால்) வெட்டு. கைக்குழந்தை உள்ளவள் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடுவாள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது குறித்த நிறை வந்தால் பேர், அதாவது முழு நாள் கூலி; வராவிட்டால் அரைப்பேர். இதில் ஆங்கிலம் இருக்கிறது, போர்த்துக்கேயம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது; எல்லாவற்றையும் தமிழ் இலக்கணம் கட்டி வைத்திருக்கிறது. ஒரு தொழிலின் நுணுக்கம் முழுவதையும் சொல்லிவிடக்கூடிய பேச்சு, இரண்டு மூன்று தலைமுறைக்குள் எழுத்தறிவற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களால் ஆக்கப்பட்டது. கலப்படம் என்று இதைத் தள்ளுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கதிரையையும் யன்னலையும் கந்தோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவையும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் கொடுத்துவிட்டுப் போனவைதான். அவற்றை யாரும் கலப்படம் என்று சொன்னதில்லை. ஆகவே கலப்பு அளவுகோலாக இருந்திருக்க முடியாது.

தோட்டத் தமிழை முதலில் அச்சில் ஏற்றியவர்கள் அதை மதித்தவர்கள் அல்லர். கூலிகளுக்கு உத்தரவு போடத் துரைமாருக்குத் தமிழ் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் புதிதாக வரும் சின்னத்துரைமாருக்காக ஒரு கைப்புத்தகம் வெளியிட்டார்கள். அதன் தலைப்பே 'இங்கே வா'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய வழிகாட்டி தன் தலைப்பிலேயே இந்தப் பேச்சுக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர் வைத்தது. இந்த நூல்கள் கற்றுத்தந்தது அதட்டும் தமிழ். தொழிலாளி துரையிடம் பேசிய 'ங்க' போட்ட தமிழையும், அடுப்படியில் பேசிய தமிழையும், பிள்ளைக்குத் தாலாட்டிய தமிழையும் அவை கேட்கவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் துரைமார் தொழிலாளியின் மொழிக்குப் பணிய வேண்டியிருந்தது. தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் காகிதத்தில் இருந்தன. தொழிலாளர் வாயில் வேறு பெயர்கள் வழங்கின. பெர்குசன் டிரெக்டரி தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டது. அவை இல்லாமல் தோட்டத்துக்கு வழி கேட்க முடியாது. தலவாக்கலைப் பக்கத்து மல்லிகைப்பூத் தோட்டத்தில் வாழ்ந்து எழுதிய தொழிலாளி எழுத்தாளர் மல்லிகை சி. குமார், அப்படி மக்கள் வைத்த பெயரைத்தான் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

பேச்சின் மேல் விழுந்த முத்திரை சட்டத்திலும் விழுந்தது. 1911 சனத்தொகைக் கணக்கெடுப்பு தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டாகப் பிரித்து எழுதியது. 1920 கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. பிள்ளை படித்தால் கொழுந்துக்கு ஆள் குறையும் என்று அஞ்சிய நிர்வாகம் வைத்த பள்ளி எப்படியிருக்கும்? பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது, 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. இந்த நிலையில் உள்ளவர்களின் பேச்சை யார் மதித்திருப்பார்கள்? தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அப்போது மலைக்கு வந்த ஆசிரியர்களில் பலர் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்கள். அர்ப்பணிப்போடு பணிசெய்து தலைமுறைகளை உயர்த்தியவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்த நன்றி மலையகத்துக்கு உண்டு. ஆனால் வீட்டில் கேட்ட முறைப்பெயரைச் சொன்னால் தவறு, லயத்துச் சொல்லைச் சொன்னால் சிரிப்பு என்ற வகுப்பறையும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் கடக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளை அதோடு ஆசிரியரின் பேச்சையும் கடக்க வேண்டியிருந்தது. 'தோட்டக்காட்டான்' என்ற வசை வகுப்புக்கு வெளியே காத்திருந்தது.

இதிலிருந்து, தோட்ட மக்கள் உயர்தமிழுக்கு அந்நியராக இருந்தார்கள் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக்கூடாது. அவர்களுக்கென்று ஓர் உயர்நடை இருந்தது. அது பள்ளிக்கு வெளியே இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்திலும், அருச்சுனன் தபசிலும், பொன்னர் சங்கர் கதையிலும் வரும் தமிழ் லயத்துப் பேச்சும் அன்று, பண்டிதர் நடையும் அன்று. எழுத்துத் தெரியாதவர்கள் இரவிரவாக மனப்பாடமாகப் பாடிய செய்யுள் நடை அது. பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களை ஒருவர் வாசிக்க லயமே உட்கார்ந்து கேட்டது. கோ. நடேசய்யர் இதைப் புரிந்துகொண்டவர். தஞ்சையிலிருந்து வந்து, 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தி, 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டங்களுக்குப் போகும்போது சிந்தும் பாட்டும் கொண்டு போனார்கள். மீனாட்சியம்மையின் 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' நூலாகவும் வந்தது. பாடத் தெரிந்த மெட்டில் உரிமையைச் சொன்னால் அது லயம்தோறும் தானே போகும் என்பதை அறிந்த வேலை அது. பின்னர் 1950களில் இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத்தில் பரவியது. மேடையில் அடுக்குமொழி, வாசகசாலைகளில் சென்னைப் பத்திரிகைகள், பேச்சுப் போட்டிகள். 1962இல் அரசு அதைத் தடைசெய்யும் அளவுக்கு அதற்கு வலு இருந்தது. தோட்டத்து இளைஞன் செந்தமிழில் மேடையேறியது யாழ்ப்பாணத்தாரைப் போலப் பேசுவதற்காக அன்று. அவர்களைச் சுற்றிக்கொண்டு நேரே அண்ணாவிடமிருந்தும் குறளிலிருந்தும் தமிழை எடுத்துக்கொண்டான். பொதுத்தமிழ் எப்போதும் ஒடுக்கும் கருவி என்று சொல்லும் வாதம் இந்த இடத்தில் நிற்காது. வகுப்பறையில் அவனைத் தாழ்த்திய அதே பொதுத்தமிழ் மேடையில் அவனுக்கு முதுகெலும்பைத் தந்தது.

இலக்கியத்தில் இந்தச் சிக்கல் வேறொரு வடிவம் எடுத்தது. 1960களின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழ் எழுத்துலகில் பெரும் சண்டை ஒன்று நடந்தது. மண்வாசனை என்று சொல்லிக்கொண்டு பேச்சுவழக்கை எழுத்தில் கொண்டுவருவது 'இழிசனர் வழக்கு' என்று பண்டித மரபினர் சாடினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களில் டானியலும் டொமினிக் ஜீவாவும் வடக்கின் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பேச்சை எழுதியதுதான் அந்தச் சினத்தின் வேர். பேச்சின் மேல் வந்த கோபம் பேசியவர்களின் மேல் வந்த கோபம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் மலையகத்திலும் எழுத்து பிறந்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் தினகரனில் வந்தது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைச் சுற்றி இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் வளர்த்த இளைஞர் கூட்டம் 'மலையகம்' என்ற பெயரைத் தன் அடையாளமாகத் தூக்கிப் பிடித்தது. 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' வந்தது. இந்த எழுத்தில் ஓர் ஒழுங்கைக் காணலாம்: கதை சொல்பவர் பொதுத்தமிழில் சொல்வார், மேற்கோள் குறிக்குள் மட்டும் தோட்டத்துப் பேச்சு வரும். அது நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் மக்கள் பேசலாம், நினைப்பதும் விளக்குவதும் வேறு மொழியில்தான் என்ற எல்லைக்கோட்டையும் அது ஏற்றுக்கொண்டது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை 'தேயிலைத் தோட்டத்திலே'யை ஆங்கிலத்தில் எழுதினார் என்பதை நான் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறேன். தமிழ்க்களத்தில் தகுதிச் சண்டையில் சிக்காமல் உலகத்திடம் நேரே பேச அவருக்கு அது வழியாயிற்று. அவரே தோட்டம் தோட்டமாக நாட்டார் பாடல்களைச் சேகரித்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். அந்தப் பணியைத் தொடர்ந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சாரல்நாடன். மலையக வாய்மொழி இலக்கியம் பற்றி அவர் எழுதிய பிறகு, லயத்துப் பாட்டை இலக்கியம் இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானது இது: வட்டார வழக்கைப் போற்றுவது ஏழையை அவன் இருக்கும் இடத்திலேயே கட்டிப்போடும், பரீட்சையும் உத்தியோகமும் பொதுத்தமிழில் இருக்கும்போது தோட்டப் பிள்ளைக்கு லயத்துப் பேச்சைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பது அவனுக்குச் செய்யும் துரோகம். இதே வாதத்தை 1834இல் ஜெர்மனியில் லூடோல்ஃப் வீன்பார்க் முன்வைத்தார். ஹான்சா வணிகர் காலத்தில் வட கடலோரமெங்கும் எழுத்து மொழியாக இருந்த கீழ் ஜெர்மன், வணிகம் தளர்ந்து அரசும் தேவாலயமும் மேல் ஜெர்மனுக்கு மாறியதும் குடியானவர் பேச்சாகத் தாழ்ந்திருந்தது. அந்த மொழி அழிந்தால்தான் விவசாயி அறிவொளி பெறுவான் என்றார் வீன்பார்க். அவர் பிற்போக்குவாதி அல்லர், சனநாயகத்தை விரும்பிய எழுத்தாளர். அதனால் அவர் வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. 1852இல் கிளாவுஸ் குரோட் கீழ் ஜெர்மனில் கவிதை வெளியிட்டு, இந்த மொழியாலும் எண்ண முடியும் என்று காட்டினார். ஆனால் முழு விடை சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே ஜெர்மன் பேசும் பகுதியில் எல்லோரும் ஜெர்மனின் பொது எழுத்தைக் கற்கிறார்கள், எழுதுகிறார்கள். அமைச்சரும் வங்கி அதிகாரியும் பேசுவது வட்டார மொழி. 1930களில் ஜெர்மன் பேசுவோரெல்லாம் ஒரே இனம் என்று நாஜிகள் முழங்கியபோது சுவிஸ் மக்கள் தங்கள் பேச்சை வேலியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1936இல் எமில் பேர் சுவிஸ் பேச்சுக்குத் தனி எழுத்துமொழியே வேண்டும் என்றார், அது எடுபடவில்லை. 1938இல் ஓய்கன் டீட் அதை எழுதுவதற்கு ஓர் எழுத்துமுறையை வகுத்தார்; அது நின்றது. பொதுமொழியும் வட்டார மொழியும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்கின்றன, காரணம் இரண்டையும் பேசுகிறவன் குடியுரிமை உள்ளவன். தோட்டப் பிள்ளை பொதுத்தமிழை முழுமையாகக் கற்கட்டும். அதற்கு அவன் தாயின் பேச்சை வெட்கமாக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. வெட்கம் யாருக்கும் எழுத்தறிவைக் கூட்டியதில்லை.

மற்றொரு வாதம் ஒற்றுமை பற்றியது. தமிழர் ஏற்கனவே பிளவுபட்டிருக்க, பேச்சுவழக்கை வைத்து இன்னொரு அடையாளம் கட்டுவானேன் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஆனால் பிளவின் காலவரிசையைப் பார்க்க வேண்டும். 1911 கணக்கெடுப்பும் 1948 சட்டமும் பிரித்த பிறகுதான் 'மலையகத் தமிழர்' என்ற பெயரை மக்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். மலையகத்தாரின் குடியுரிமைப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற அந்தக் கட்சியின் சொல்லாட்சி மலையகத்தையும் முஸ்லிம்களையும் சேர்த்துச் சொன்னது. அது பெரிய மனதோடு சொன்ன சொல். ஆனால் மொழியால் ஒன்று என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பேச்சை உயர்த்தி மற்றவர் பேச்சைத் தாழ்த்தி வைத்தால் அந்த ஒற்றுமை மேடையோடு நின்றுவிடும். கலவரங்களால் மலையிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள், தமிழ் மண்ணிலும் தங்கள் பேச்சால் அடையாளம் காணப்பட்டு விலக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பேச்சே அடிமைத்தனத்தின் பதிவுதானே, கங்காணியும் துரையும் பேரும் அரைப்பேரும் போகட்டுமே என்றும் சில இளைஞர்கள் கேட்கிறார்கள். மற்றவற்றைவிட இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனெனில் இது உள்ளிருந்து வருகிறது. சில சொற்கள் தோட்ட முறை மாறும்போது தாமே உதிரும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கவ்வாத்தும் கானும் மடுவமும் போனால் தேயிலையை வளர்த்த அறிவின் பெயர்கள் போகின்றன. அரைப்பேர் போன்ற சொற்களோ, நாள் முழுதும் மழையில் நின்றவளுக்குப் பாதிக் கூலி எழுதப்பட்ட வரலாற்றின் சாட்சிகள். அவற்றை மறப்பதால் இலாபம் அந்த அரைப்பேரை எழுதியவர்களுக்குத்தான்.

பத்தனைக் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் அரசின் உதவியோடு எழுந்ததால், தோட்டத்தில் பிறந்தவர்களே தோட்டப் பள்ளிக்கு ஆசிரியராகப் போகும் காலம் வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தந்தது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் மலையகப் பேச்சு நாடகத்திலும் வானொலியிலும் கவிதையிலும் மேற்கோள் குறியைத் தாண்டி வெளியே வரத் தொடங்கியது. இளம் கவிஞர் சிலர் கதைசொல்லியின் குரலையே அதில் எழுதுகிறார்கள். இனிச் செய்ய வேண்டியது ஆசிரியப் பயிற்சியில்தான் இருக்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளை 'அம்மாயி' என்று சொல்லும்போது அதைத் தவறென்று அடிக்காமல், அம்மம்மாவும் பாட்டியும் அம்மாயியும் ஒரே ஆளுக்கு வெவ்வேறு ஊர்த் தமிழர் வைத்த பெயர்கள் என்று சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு வழக்குகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சி.வி. சேகரித்த பாடல்களும் சாரல்நாடனின் ஆய்வுகளும் பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் இருந்தால் அது நடக்காது. பத்தனையில் பயிலும் ஒவ்வொரு ஆசிரிய மாணவரின் பாடத்திலும் அவை இடம்பெற வேண்டும்.